அவன் பெயரில் நான் வரைந்த டிரம்ஸ்

எங்கள் குழுவின் முதல் ஆல்பத்தில் கேட்பது எங்கள் டிரம்மரின் வாசிப்பு அல்ல. உறையில் அவன் பெயர் இருக்கிறது, படமும் இருக்கிறது. ஆனால் அதில் விழும் ஒவ்வொரு அடியையும் கணினித் திரையில் மவுஸைப் பிடித்து வரைந்தவன் நான். அவனிடம் கேட்டுச் செய்யவில்லை. செய்த பிறகும் சொல்லவில்லை. ஆல்பத்தைப் பாராட்டியவர்களிடமும் பேட்டி கேட்டவர்களிடமும் அவன் கால்களைப் பற்றி வியந்து பேசியவர்களிடமும், எல்லாம் அவனே வாசித்தது என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிரம்ஸைக் கணினியில் எழுதுவது குற்றம் என்று சொல்ல வரவில்லை. பர்மிங்ஹாமைச் சேர்ந்த காட்ஃப்ளெஷ் 1989-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட்கிளீனர்’ முழுக்க டிரம் மெஷினில் ஓடுகிறது. அதை அவர்கள் மறைக்கவில்லை. அந்த இயந்திரம் இளகாமல் அடிப்பதுதான் அந்த இசைக்கே முதுகெலும்பு. ஸ்வீடனின் மெஷுகா 2005-இல் ‘கேட்ச் தர்ட்டித்ரீ’ ஆல்பத்துக்கு டிரம்ஸைக் கணினியில்தான் எழுதியது. மெட்டல் உலகமே தலைவணங்கும் டிரம்மர் தாமஸ் ஹாக்கே அந்தக் குழுவிலேயே இருக்கிறார். அவர் அடித்துப் பதிவுசெய்த ஒலிகளை வைத்தே அதைச் செய்தார்கள், செய்ததை வெளியிலும் சொன்னார்கள். தனி ஆளாக அறையில் உட்கார்ந்து பிளாக் மெட்டல் செய்கிறவர்கள் எத்தனையோ பேர் டிரம் மெஷினை நம்பித்தான் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் உயிரோடு இருக்கும் ஒரு நண்பனின் பெயரை அந்த இயந்திரத்தின் மேல் ஒட்டவில்லை. நான் ஒட்டினேன்.

இந்தப் பொய் எங்கள் மெட்டல் சீனில் எவ்வளவு பெரியது என்று புரிய வேண்டுமானால், அங்கே எங்களுக்கு எது கூலியாக இருந்தது என்று சொல்ல வேண்டும். நாங்கள் வாசித்தது டெத் மெட்டல். 2000-களின் பின்பாதியில் சென்னையில் இதற்கென்று நிரந்தரமான மேடை கிடையாது. கல்லூரி கல்சுரல்ஸில் ஒரு ராக் போட்டி வரும். எப்போதாவது ஒரு ஹோட்டல் பாரில் இடம் கிடைக்கும், அங்கே ‘தெரிஞ்ச பாட்டு ரெண்டு போடுங்க’ என்பார்கள். நண்பர்கள் நாலு பேர் கைக்காசைப் போட்டு ஒரு சின்ன ஹாலை எடுப்பார்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-இல் வந்த ஒலி மாசு விதி. நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கினால் கடைசியாக ஏறும் குழுவுக்குப் பாதிப் பாட்டிலேயே லைனைப் பிடுங்கிவிடுவார்கள். கடைசியாக ஏறுவது பெரும்பாலும் எங்களைப் போன்ற குழுதான்.

எங்களுக்குத் தலைநகர் பெங்களூரு. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் அங்கே பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தபோது ரயிலில் கறுப்பு டி-ஷர்ட்டைப் பார்த்தே ஒருவரையொருவர் அடையாளம் கண்டு பேச ஆரம்பித்தோம். அன்று கிடைத்த சில நட்புகள் இன்றும் இருக்கின்றன. 2009-இல் ஓபெத் ஐஐடி மெட்ராஸுக்கே வந்தபோது, இந்த இசை நம் ஊர் வாசலுக்கு வந்துவிட்டது என்று நாங்கள் உண்மையாகவே நம்பினோம். 1998-இல் தொடங்கிய பெங்களூருவின் கிரிப்டாஸ் பின்னர் 2013-இல் ஜெர்மனியின் வாக்கன் திருவிழாவில் வாசித்தது. எங்களைப் போலவே ஜாம் ரூமில் வியர்த்தவர்கள் அங்கே போய் நிற்க முடியும் என்றால் நாமும் போகலாம் என்ற ஆசை எங்கள் தலைமுறையில் எல்லோருக்கும் இருந்தது.

ஆனால் பணம் ஒருபோதும் வந்ததில்லை. போய்க்கொண்டுதான் இருந்தது. ஜாம் ரூமுக்கு மணிக்கணக்கில் வாடகை. கிடாருக்கு ஸ்ட்ரிங், டிரம்ஸுக்கு ஸ்டிக், பெங்களூருக்கு ரயில் டிக்கெட், எல்லாவற்றிலும் ஆளுக்குக் கால் பங்கு. திரும்பக் கிடைத்தது ஒன்றுதான். மேடையிலிருந்து இறங்கியதும் முன்பின் தெரியாத ஒருவன் வியர்வையோடு வந்து கட்டிப்பிடித்து, ‘செம மச்சான், எப்படிடா அடிக்கிற’ என்று கேட்பான். நீ வாசித்ததை இன்னொருவன் கேட்டான் என்பதற்கு அதுதான் சாட்சி. வேறு எந்த வரவும் இல்லாத வாழ்க்கையில் அதை ஒருவனிடமிருந்து எடுத்துக்கொள்வது திருட்டு. இதற்கு மென்மையான சொல் எதையும் நான் தேடப் போவதில்லை.

எங்கள் டிரம்மர் வடசென்னைக்காரன். டிரம்ஸ் பழகியது சர்ச்சில். சென்னையில் நல்ல டிரம்மர் என்று பெயரெடுத்தவர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள்தான். தெருவில் யார் வீட்டிலும் டிரம் செட் இருக்காது, சர்ச்சில் இருக்கும். சனிக்கிழமை ராத்திரி எங்களோடு டெத் மெட்டல் வாசித்துவிட்டு ஞாயிறு காலை ஆராதனைக்குப் போய் உட்காருவான். இரண்டிலும் ஒரே ஆள்தான் வாசிக்கிறான் என்பது காது உள்ளவர்களுக்குத் தெரியும். கோரஸுக்கு முந்தின பாரில் தாளத்தை மயிரிழை முன்னால் தள்ளுவான். பாடுகிற கூட்டத்தைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்து பழகிய கை அது. எங்கள் பாட்டுகளில் பாடுகிற கூட்டம் கிடையாது, உறுமல்தான். ஆனாலும் அந்தத் தள்ளல் வரும்போது முன்வரிசை தானாக நகரும். மேடையில் நின்று இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

டிரம் செட் எங்கே போனாலும் அங்கே இருப்பதுதான். ஸ்நேர், சிம்பல், பெடல் மூன்றையும் டிரம்மர் சுமந்துவர வேண்டும். கூரியர் கம்பெனி வேலையில் நாளெல்லாம் பார்சல் தூக்கிவிட்டு, சாயங்காலம் இவற்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவான். நான் ஓ.எம்.ஆரில் மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். என்னிடம் லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், பூட்டிக்கொள்ள ஒரு தனி அறை மூன்றும் இருந்தன. இந்த வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை. நடந்தது முழுவதும் இதன் மேல்தான் நின்றது என்று இன்று தெரிகிறது.

இந்த இசையில் டிரம்மரின் உடம்பு என்ன பாடுபடும் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். பிளாஸ்ட் பீட் என்ற பெயரை நிலைக்கச் செய்தவர் நேபாம் டெத் குழுவின் மிக் ஹாரிஸ். அந்தக் குழுவின் ‘ஸ்கம்’ 1987-இல் வந்தது. ஸ்நேரும் கிக்கும் சிம்பலும் இடைவெளியே இல்லாததுபோல் மாறி மாறி விழும் அடி அது. அதோடு டபுள் பெடல் சேரும். நிமிடத்துக்கு 180 பீட் வேகத்தில் ஒரு பீட்டுக்கு நான்கு என்று கால்கள் ஓடினால் நொடிக்கு 12 அடி, காலுக்கு 6. அதையே 210-க்கு ஏற்றினால் நொடிக்கு 14, காலுக்கு 7. காகிதத்தில் பார்த்தால் காலுக்கு ஒரே ஓர் அடிதான் கூடுகிறது. ஆனால் ஒரு வேகத்துக்கு மேல் தொடையை நம்ப முடியாது, கணுக்கால்தான் ஓட வேண்டும். தசை அந்தப் புதுப் பழக்கத்தைப் பிடிக்க மாதக்கணக்காகும், பலருக்கு வருடங்கள். இடது கால் எப்போதும் பின்தங்கும். அவசரப்பட்டால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை ஒட்டி வலி பிடித்துக்கொள்ளும்.

அவன் 180-இல் ராஜா. ஆல்பத்தில் மூன்று பாட்டுகளை நான் 210-க்கு எழுதியிருந்தேன். இரவில் லேப்டாப்பில் தாளம் எண்ணும் கிளிக்கை ஓடவிட்டுக் கிடார் ரிஃப் எழுதுகிறவனுக்கு வேகம் ஒரு எண் மட்டும்தான். அந்த வேகத்தில் என் வலது கையாலேயே ஒரு பாட்டை முழுசாக வாசிக்க முடியாது. நான்கு நான்கு பாராகப் பதிந்து ஒட்டினேன். எனக்கு எத்தனை டேக் வேண்டுமோ அத்தனையும் எடுத்துக்கொண்டேன். சொந்த அறை, சொந்த லேப்டாப், யாரும் கணக்குப் பார்க்கவில்லை. டிரம்ஸுக்கு அப்படி முடியாது. கிக்குக்கு, ஸ்நேருக்கு, ஒவ்வொரு டாமுக்கும், மேலே சிம்பல்களுக்கு என்று தனித்தனி மைக் வைத்து ஸ்டுடியோவில்தான் பதிய வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடும். எங்கள் பணத்துக்கு ஒரு வாரக் கடைசிதான் கிடைத்தது. என் கைக்கு நான் கொடுத்த சலுகையில் பத்தில் ஒரு பங்குகூட அவன் காலுக்குக் கிடைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவன் மோசமாக வாசிக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘வாசிக்க முடியாதவனைக் காப்பாற்றினேன்’ என்ற கதையைத்தான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 180-இல் இருந்த பாட்டுகள் அனைத்தும் பிரமாதமாக வந்திருந்தன. 210 பாட்டுகளில் டபுள் பெடல் நீளமாக ஓடும் இடங்களின் கடைசியில் இடது கால் தளர்ந்தது. அவ்வளவுதான். வேகத்தை 190-க்கு இறக்கியிருக்கலாம். அந்த இடங்களைச் சுருக்கியிருக்கலாம். ‘இன்னும் மூணு மாசம் பொறுப்போம், நீ ரெடியானதும் பதிவோம்’ என்று சொல்லியிருக்கலாம். அவனே கேட்டான்: “மச்சான், இது மூணும் இன்னொரு நாள் எடுத்துக்கலாமா?” நான் சொன்னேன்: “பாத்துக்கலாம் விடுடா, எடிட்ல சரி பண்ணிடலாம்.”

முதலில் எடிட்தான் செய்தேன். ஒவ்வோர் அடியையும் வெட்டி கிளிக்கின் கட்டத்துக்குள் தள்ளினேன். தளர்ந்த கிக்குகள் இருந்த இடத்தில் நல்ல கிக் ஒன்றின் ஒலியை வைத்தேன். இதை எல்லாக் குழுக்களும் ஏதோ ஓர் அளவில் செய்கின்றன, அதில் எனக்கு இன்றும் கூச்சமில்லை. ஆனால் கிக் மட்டும் கல்லைப்போல் நேராக நிற்க, மேலே சிம்பல் மைக்குகளில் பழைய தளர்ச்சி கேட்டுக்கொண்டே இருந்தது. ஓரிரவு எல்லாவற்றையும் மியூட் செய்துவிட்டு மென்பொருள் டிரம்ஸைத் திறந்தேன். ஒரு பாட்டு. அது அவ்வளவு சுத்தமாக இருந்ததால் மற்ற பாட்டுகள் பக்கத்தில் நிற்க முடியவில்லை. அவன் பிரமாதமாக வாசித்திருந்த 180 பாட்டுகளையும் அழித்து எழுதினேன்.

ஏன் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: வெளிநாட்டுக் காதுகளுக்காக. ‘இந்தியக் குழுவுக்கு இது பரவாயில்லை’ என்ற வாக்கியத்தை யாரும் எங்களைப் பற்றி எழுதிவிடக் கூடாது என்ற பயம் எனக்குள் வெறியாக இருந்தது. அந்த வெறி எங்கள் சீனில் பலருக்கும் இருந்தது. அவர்கள் அதைப் பயிற்சியாக மாற்றினார்கள்.

இனிச் சொல்வதுதான் எனக்கு மிகவும் வெட்கமானது. இயந்திரம் அடித்ததுபோல் இருந்தால் பிடித்துவிடுவார்கள். எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுந்தால் டைப்ரைட்டர் என்பார்கள். எனவே அடிகளின் பலத்தைக் கூட்டிக் குறைத்தேன், சில மில்லி நொடிகள் முன்பின்னாக நகர்த்தினேன். மனிதத் தவறுகளைத் தற்செயலாகத் தூவுவதற்கு அந்த மென்பொருளில் ஒரு பொத்தானே உண்டு. அவனுடைய உண்மையான தவறுகளை அழித்த அதே இரவுகளில் பொய்த் தவறுகளைத் தூவினேன். அதோடும் நிற்கவில்லை. அவனை மேடையில் பார்த்தவர்கள் சந்தேகப்படக் கூடாதே! கோரஸுக்கு முந்தின பாரில் அவன் தள்ளுவான் அல்லவா, அந்தத் தள்ளலை அவன் பதிந்த டேக்கிலிருந்து அளந்து எடுத்து ஒவ்வொரு பாட்டிலும் கையால் வரைந்தேன். அவன் கையெழுத்தை நான் போட்டேன்.

குழுவில் மற்ற இருவருக்கும் மிக்ஸைப் போட்டுக் காட்டினேன். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவன் “அவன்கிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டான். “சொல்றேன்” என்றேன். அவர்களை இதில் இழுக்க விரும்பவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவன் நான்தான்.

அவன் முதன்முதலில் அந்த ஆல்பத்தைக் கேட்டது எல்லோரோடும் சேர்ந்து ஜாம் ரூமில். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, சிடி பெட்டிகளைப் பிரிப்பதுபோல் குனிந்துகொண்டேன். இரண்டாவது பாட்டு முடிந்ததும் “நல்லா இருக்குடா” என்றான். அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. வாசித்தவனுக்குத் தன் கை தெரியாதா? அவன் அன்று கத்தியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேனோ என்னவோ. கத்தாததை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆல்பம் எங்கள் சின்ன உலகத்தில் நன்றாகவே போனது. பாராட்டியவர்கள் எல்லோரும் முதலில் டிரம்ஸைத்தான் சொன்னார்கள். பெங்களூரில் ஒரு ஷோ முடிந்து இறங்கியபோது கல்லூரிப் பையன் ஒருவன் அவனிடம் வந்து, “அண்ணா, அந்த ஓபனிங் டபுள் பெடலுக்கு எப்படிப் பயிற்சி பண்றீங்க?” என்று கேட்டான். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அந்தப் பையனிடம், மெதுவான வேகத்தில் இடது காலை மட்டும் தனியாகப் பழக்கச் சொன்னான். முதலில் 120, அது சுத்தமான பிறகு 5 கூட்டு, வலித்தால் நிறுத்து. மிகச் சரியான அறிவுரை. அவன் அதை எங்கிருந்து சொன்னான் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. அவன் ஏற்கெனவே அந்த ஆல்பத்துக்கு எதிராகப் பயிற்சியைத் தொடங்கியிருந்தான்.

அதுதான் நான் உண்டாக்கிய சேதம். தன் பெயரில் வந்த பொய்யை உண்மையாக்கிவிட அவன் முடிவுசெய்தான். காலையில் வேலைக்கு முன்னால் ரப்பர் பேடில், ராத்திரி திரும்பிய பிறகும். நாள் முழுக்க நின்று பார்சல் தூக்குகிற கால்கள். சில மாதங்களில் இரண்டு முழங்காலுக்குக் கீழும் வலி நிலையாகத் தங்கிவிட்டது. ‘வலித்தால் நிறுத்து’ என்று அந்தப் பையனுக்குச் சொன்னதை அவனால் கடைப்பிடிக்க முடியவில்லை, அடுத்த ஷோவில் எல்லோரும் அவன் காலைத்தான் பார்ப்பார்கள். நான் டிரிகர் வாங்கிக் கொடுத்தேன். டிரம் தோலில் ஒரு சென்சாரை மாட்டினால், காலில் பலமில்லாமல் விழும் அடியும் முழுப் பலத்தோடு ஒலிக்கும். பலத்தைத்தான் அது மூடும், நேரத்தைத் திருத்தாது. ஷோக்களில் அவன் பின்தங்கினான். ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் ‘லைவ்ல சுமாருதான்’ என்று பேசினார்கள். அந்த ஒப்பீட்டில் அவன் தோற்றது என்னிடம். அதுவும் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் ஜாம் ரூமுக்கு வரவில்லை, பிறகு வரவே இல்லை. நான் அவன் வீட்டுக்குப் போய்க் கூப்பிடவில்லை. வேகமான இன்னொரு டிரம்மரைக் கண்டுபிடித்தேன். ‘வேலை அதிகம், அதான் விட்டுட்டான்’ என்று கேட்டவர்களிடம் சொன்னேன். முதல் பொய்க்காவது பயம் என்று ஒரு காரணம் உண்டு. இந்த இரண்டாவது பொய்யை வசதிக்காகச் சொன்னேன். புதிய டிரம்மர் சீக்கிரமே 210-ஐ அனாயாசமாக வாசித்தார். குழு இன்னும் கொஞ்சகாலம் ஓடி, கல்யாணம், வெளிநாட்டு வேலை என்று எல்லாக் குழுக்களும் கலைவதுபோல் கலைந்தது.

கொஞ்ச நாள் முன்பு பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைக் காலிசெய்யும்போது அவன் அந்த வாரக் கடைசியில் பதிந்த டேக்குகள் முழுதாகக் கிடைத்தன. எடிட்டுக்கு முந்தையவை. போட்டுக் கேட்டேன். ஸ்டிக்கை மோதிக் கணக்குச் சொல்லும் அவன் குரல்கூட இருந்தது. 180 பாட்டுகளில் நான் வரைந்ததைவிட அவன் வாசித்தது மேலானது. நட்புக்காகச் சொல்லவில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். ஸ்நேரில் பெரிய அடிகளுக்கு நடுவே விரலால் உருட்டும் சின்னச் சின்ன அடிகள் இருந்தன. கிடாரின் டிஸ்டார்ஷனுக்கு அடியில் அவை காதுக்குத் தனியாகக் கேட்காது, ஆனால் பாட்டு மூச்சுவிடுவது அவற்றால்தான். வரைந்தபோது அப்படி ஒன்று அங்கே இருந்ததே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 210 பாட்டுகளில் இடது கால் தளரும் இடங்கள்கூட அன்று எனக்குக் கேட்ட அளவுக்கு மோசமில்லை.

அவனைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அவனுக்குத் தெரிந்ததையும் சேர்த்து. குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் டேக்குகளை வைத்து அந்த ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து வெளியிடலாம் என்று சொன்னேன். அதை ஒரு பரிசுபோல நீட்டினேன் என்பது அவன் பதிலைக் கேட்ட பிறகே எனக்குப் புரிந்தது.

“வேணாம்டா. அன்னிக்கி எனக்கு இன்னொரு நாள் குடுத்திருந்தா போதும். இப்ப அத வெளிய விட்டா ஊரு உன்னத்தான் நல்லவன்னு சொல்லும்.”

உறையிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொன்னான். இதை எழுத அனுமதி கேட்டேன். “எழுது, என் பேரு வேணாம்” என்றான். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மாடிப்படி இறங்கும்போது வலி உண்டு, சர்ச்சில் வாசிப்பதற்குப் பிரச்சினை இல்லை என்றான். என் பழைய குழுவினரில் ஒருவனுக்கு நான் இதை எழுதுவதில் கோபம். புதைந்து போனதை ஏன் கிளறுகிறாய், அந்த ஆல்பம் நமக்கிருந்த ஒரே பெருமை என்கிறான். அவன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆல்பத்தைக் கேட்டு அதுதான் மனிதக் காலின் வேகம் என்று நம்பிப் பழகிய பையன்கள் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கால் வலிக்கும்.

போனை வைக்கும் முன் அவன் ஒன்று கேட்டான். ஸ்டுடியோ வாடகையில் அவனும் கால் பங்கு கொடுத்திருந்தான், கூரியர் சம்பளத்தில் மூன்று தவணையாக. நான் மறந்தே போயிருந்தேன். “அந்தக் காசு மட்டும் குடுத்துடு மச்சான். நான் அந்த ரெக்கார்டிங்லயே இல்லியே” என்றான். அன்றிரவே அனுப்பினேன். கூடுதலாகப் போட்டதைத் திருப்பி அனுப்பிவிட்டான்.